சீட் வாங்கியாயிற்று, அப்புறம்? முதலாண்டு பி.ஜி. டாக்டருக்கு ஒரு வழிகாட்டி

யூனிட்டில் சேர்கிற அன்று பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், எம்.பி.பி.எஸ். எங்கே என்று கேட்பார்கள். நான்காவதாக, டீ கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டே, ‘ரேங்க் எவ்வளவு?’ என்று ஒருவர் கேட்பார். ரேங்க்கைத் தெரிந்துகொள்ள அவர் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இடஒதுக்கீட்டில் வந்தவரா என்று ரேங்க்கை வைத்துக் கணக்குப்போடலாம். சாதியை நேராகக் கேட்காமல் கேட்க அப்படி ஒரு வழி.

பி.ஜி. என்கிற முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்ய ஆயிரம் கோச்சிங் இருக்கிறது. சேர்ந்தபின் வரும் மூன்று வருஷத்தில், பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் பயிற்சி உங்களுக்கும் கிடைக்க என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எட்டு வருஷம் வேலைபார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு வந்த சர்வீஸ் பி.ஜி. ஒருவர். அகில இந்திய ஒதுக்கீட்டில் ராஜஸ்தானிலிருந்து வந்த, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பையன். வீட்டில் முதல் பட்டதாரியான பெண். காதில் கருவி வைத்திருப்பவர். சேர்ந்த இரண்டாம் மாதம் கர்ப்பம் என்று தெரிந்தவர். கருத்தரங்கில் இதற்குப் பன்முகத்தன்மை என்று பெயர். வார்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள், எல்லோரும் ‘பி.ஜி.’தான்.

பாகுபாடு என்றதும் திட்டுவதும் கேவலப்படுத்துவதும்தான் நினைவுக்கு வரும். அதுவும் நடக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் நான் அதிகம் பார்த்தது, யாருக்கு எப்போது வேலை என்ற டியூட்டி ரோஸ்டரிலும், அன்றைய அறுவை சிகிச்சைப் பட்டியலான தியேட்டர் லிஸ்ட்டிலும்தான். யார் கையில் கத்தி, யார் கையில் கேஸ் ஷீட் என்பது தினமும் காலை எட்டு மணிக்கு, யாரும் குரல் உயர்த்தாமல், முடிவாகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி அந்த இரண்டு காகிதங்களைப் பற்றி.

முதலில் சான்றிதழ்கள்

இது சலிப்பான பகுதி. ஆனால் இங்கே தவறினால் மற்றது எதுவும் தேவைப்படாது.

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நடத்துகிறது. மீதிப் பாதியைத் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டுக்கும் கணக்கு வேறு. மாநில இடங்களில் இடஒதுக்கீடு 69 சதவீதம்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. அகில இந்திய இடங்களில் எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு 10. அருந்ததியர் அங்கே எஸ்.சி.யாகத்தான் எண்ணப்படுவார். பி.சி., எம்.பி.சி. எல்லாம் அங்கே ஓ.பி.சி., அதுவும் சாதியின் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருந்தால்.

ஓ.பி.சி.க்கு நம் ஊர் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், இல்லை என்ற சான்றிதழ் வேண்டும், அது அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்கவேண்டும். வருமான வரம்பு வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய். அப்பா அம்மாவின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது என்பது தாலுகா அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அரசாணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு 5 சதவீதம். அதற்கு எந்த அரசு மருத்துவமனைச் சான்றிதழும் செல்லாது, எம்.சி.சி. குறிப்பிட்ட மையங்களில் ஒன்றில்தான் வாங்கவேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி அப்படி ஒரு மையம். கவுன்சலிங் தேதி வந்தபின் ஓடினால் வரிசையில் நின்றே நாள் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல்கள் கல்லூரியில் போய்விடும்.

ரேங்க் கேள்விக்கு என்ன சொல்வது

‘கவுன்சலிங்கில் வந்தேன் சார்.’ இவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொல்லலாம். சொல்லிவிட்டு நோயாளியைப் பற்றி ஏதாவது கேளுங்கள்.

இதற்குமேல் விளக்கம் கொடுக்கவேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அகில இந்திய இடங்களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம் என்பது 2021 ஜூலை 29 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் தமிழ்நாட்டுக் கட்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கின் தொடர்ச்சி அது. அந்த அறிவிப்பை எதிர்த்துப் போனவர்களுக்கு 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலின் சாரம்: தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளக்க முடியாது, அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் குடும்பம், பள்ளி, பண வசதி எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. ஆக, உங்கள் சீட்டுக்கு உச்ச நீதிமன்றமே காரணம் எழுதிவிட்டது. டீ குடிக்கும் நேரத்தில் அதை நீங்கள் மறுபடி எழுதவேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பணம் கட்டி மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்தவரிடம் இதே கேள்வியை இதே தொனியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2023 செப்டம்பரில், காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காக நீட் பி.ஜி. கட்‑ஆஃப் சதமானத்தை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியமாக்கினார்கள். தகுதி கெட்டுவிட்டது என்று அன்றைக்கு என் டியூட்டி ரூமில் பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை.

சர்வீஸ் பி.ஜி.க்களுக்கு வரும் கிண்டல் வேறு மாதிரி. ‘சம்பளம் வாங்கிக்கிட்டுப் படிக்கிறீங்க, டியூட்டியும் பார்க்கலாமே’ என்பார்கள். அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்ததே தமிழ்நாடு அரசு மருத்துவ அலுவலர் சங்கம்தான். நீங்கள் நேராக எம்.பி.பி.எஸ். முடித்து வந்தவர் என்றால், யூனிட்டில் இருக்கும் சர்வீஸ் பி.ஜி.யைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன இரவில், கைப்பேசி வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தவர் அவர். புத்தகத்தில் இல்லாத பத்து விஷயம் அவரிடம் இருக்கும்.

ரோஸ்டரைப் படிப்பது

மாதத் தொடக்கத்தில் சுவரில் ஒட்டுவார்கள், அல்லது யூனிட் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். பெரும்பாலும் இரண்டாமாண்டு பி.ஜி. ஒருவர்தான் எழுதுவார். உங்கள் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். மூன்று மாத ரோஸ்டரைச் சேர்த்து வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எண்ணுங்கள்: இரவு டியூட்டி யாருக்கு எத்தனை, பண்டிகை நாள் யாருக்கு, தியேட்டர் நாளில் வார்டில் நிற்பவர் யார், ஓ.பி.யில் மாட்டிக்கொள்பவர் யார்.

நான் முதலாண்டில் அப்படி எண்ணினேன். யூனிட்டில் ஆறு பேர். பதின்மூன்று ஞாயிறு இரவுகளில் ஏழு ஒரே ஆளுக்கு விழுந்திருந்தது. அவர் வடக்கே இருந்து வந்தவர். எழுதிய சீனியரிடம் கேட்டபோது, ‘அவனுக்கு வீடு பக்கத்தில் இல்லையே, எப்படியும் ஹாஸ்டலில்தானே இருக்கிறான்’ என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் அப்படி யோசித்தது தப்பு என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். நான் எண்ணி எழுதிய நோட்டைக் காட்டியதும் அடுத்த மாதம் மாறியது. இதே வாதம்தான் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் வரும்: ‘உனக்கென்ன குடும்பமா குட்டியா.’ பொங்கலுக்கு இந்து அல்லாதவரைப் போடுவோம், ரம்ஜானுக்கு முஸ்லிம் அல்லாதவரைப் போடுவோம் என்று யூனிட்டுக்குள் பேசிவைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகிறதா என்று வருஷக் கடைசியில் பார்க்கவேண்டும்.

என் யோசனை இது: ஆறு மாதம் ஆனதும் ரோஸ்டர் எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை, உடனே கொடுத்துவிடுவார்கள். எழுதுகிறவர் கையில் பேனா இருக்கிறது.

வேலை நேரத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1992 ஜூன் 5 தேதியிட்ட மத்திய அரசு உத்தரவு ஒன்று, ரெசிடென்ட் டாக்டருக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. படித்தால் சிரிப்பு வரும். தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி., 2023 இன் பி.ஜி. விதிகளில் ‘நியாயமான வேலை நேரம், நியாயமான ஓய்வு’ என்று எழுதிவிட்டு மணிக்கணக்கை எழுதாமல் விட்டுவிட்டது. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு 2024 இல் வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2023 விதிகளில் தெளிவாக இருப்பவை வேறு: வாரம் ஒரு நாள் விடுப்பு, வருஷம் 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, 80 சதவீத வருகை. இவற்றைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வார விடுப்பு மட்டும் நோயாளிக் கூட்டத்தைப் பொறுத்துத் தள்ளிப்போகும், அதற்கும் விதியில் இடம் வைத்திருக்கிறார்கள்.

லாக் புக் என்ற கணக்குப் புத்தகம்

மூன்றாம் வருஷம் தேர்வுக்கு முந்தின மாதம் உட்கார்ந்து செய்த சிகிச்சைகளைப் பதிவுசெய்யும் லாக் புக்கை ஒரே பேனாவில் நிரப்புவது நம் மரபு. அதைச் செய்யாதீர்கள். அது பல்கலைக்கழகத்துக்கான காகிதம் மட்டும் இல்லை. உங்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி.

ஒவ்வொரு செயல்முறைக்கும் நான்கு நிலை இருக்கும்: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. வாரம் ஒரு முறை எழுதுங்கள், எழுதியதும் கையெழுத்து வாங்குங்கள், பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் உங்கள் பேட்ச்மேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கசப்பாக இருக்கலாம். ஆர்த்தோவில் சேர்ந்த பெண்ணுக்கு ‘நீ போய் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும்மா, எலும்பை இழுக்க உனக்குத் தெம்பு இருக்காது’ என்பதும், தமிழ் தெரியாதவருக்கு ‘நீ ஆபரேஷன் தியேட்டரிலேயே இரு, வார்டு வேண்டாம்’ என்பதும் அங்கே எண்ணாகத் தெரியும். முன்னவருக்குக் கை பழகாது, பின்னவருக்கு நோயாளியிடம் பேசப் பழகாது. இரண்டுமே நஷ்டம்.

எண் கையில் இருந்தால் கேட்பது எளிது. ‘எனக்குக் கேஸே தரமாட்டேன் என்கிறீர்கள்’ என்று ஆரம்பித்தால் அது சண்டை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மேடம், மூன்று மாதத்தில் ஒன்பது லேப்பரோஸ்கோபி அப்பெண்டிக்ஸுக்கு கேமரா பிடித்திருக்கிறேன். போர்ட் இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை. வியாழக்கிழமை லிஸ்ட்டில் ஒன்று தருவீர்களா?’ வியாழக்கிழமை என்று நாளைச் சொல்லுங்கள். ‘எப்போதாவது’ என்று கேட்டால் எப்போதும் வராது. பேசிவிட்டு வந்ததும், ‘நன்றி மேடம், வியாழன் லிஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டு வருகிறேன்’ என்று ஒரு மெசேஜ் போடுங்கள். பணிவாகவும் இருக்கும், பதிவாகவும் இருக்கும்.

மொழி

புதுச்சேரி ஜிப்மரில் சேர்ந்தால் பக்கத்து அறையில் பீகார்க்காரர் இருப்பார், வார்டில் விழுப்புரத்துப் பாட்டி இருப்பார். சண்டிகரிலோ டெல்லியிலோ சேர்ந்தால் நீங்கள்தான் அந்த பீகார்க்காரர். இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வரும் சக பி.ஜி.க்கு ‘வணக்கம், எப்படி இருக்கீங்க’ சொல்லித்தந்து பயனில்லை. அவருக்கு வேண்டியது வார்டுத் தமிழ். ‘தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?’ என்று கேட்கத் தெரிந்தால் கடைசி மாதவிடாய் தேதி வந்துவிடும். ‘தலைக்கு ஊத்தி நாப்பது நாளாச்சு’ என்று அந்தம்மா சொல்வதை எண்ணெய்க் குளியல் என்று எழுதிவைத்த கேஸ் ஷீட்டை நானே பார்த்திருக்கிறேன். ‘உப்பு ஏறியிருச்சுன்னு சொன்னாங்க’ என்றால் உணவு உப்பு இல்லை, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின். ‘வாயு புடிச்சிருக்கு’ என்று நெஞ்சைத் தடவும் ஐம்பது வயதுக்காரருக்கு முதலில் ஈ.சி.ஜி. ‘வயித்தால போவுது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘மேலுக்கு முடியலை’, ‘கை காலு வரலை’: இப்படி ஐம்பது வாக்கியங்களை அவருடைய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் உங்களோடு ஓ.பி.யில் உட்காரட்டும். மொழிபெயர்ப்பாளராக நர்ஸ் அக்காவையே எப்போதும் கூப்பிடவேண்டாம், அவருக்கு இருபத்தைந்து படுக்கை இருக்கிறது.

வடக்கே போகிறவர்களுக்கு இதே பாடம் திருப்பி. ‘சக்கர்’ தலைசுற்றல், ‘தஸ்த்’ வயிற்றுப்போக்கு, ‘பேஷாப் மே ஜலன்’ சிறுநீர் எரிச்சல். ‘கப்ராஹட்’ மட்டும் எமன். படபடப்பா, பயமா, மூச்சுமுட்டலா என்று கேட்டுக் கேட்டுத்தான் பிரிக்கவேண்டும். ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் பாதியில் இந்திக்குத் தாவினால், முதல் வாரமே, தனியாகப் போய், ‘சார், கேஸ் விவாதத்தை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால் எனக்கு உதவியாக இருக்கும்’ என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் தலையாட்டிவிட்டு அப்புறம் சொல்வது கஷ்டம். ‘மதராசி’ என்று கூப்பிட்டால் ஒருமுறை பெயரைச் சொல்லித் திருத்துங்கள். தொடர்ந்தால், என்.எம்.சி.யின் 2021 ராகிங் தடுப்பு விதிகளில் சாதி, மதம், பாலினம், நிறம் என்ற வரிசையில் பிறந்த மாநிலமும் மொழியும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன என்பது நினைவில் இருக்கட்டும்.

பெண்களுக்கு, முக்கியமாக டியூட்டி ரூம் பற்றி

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பி.ஜி. டாக்டர், இரவு டியூட்டிக்கு நடுவே செமினார் அறையில் படுத்திருந்தவர். சேர்ந்த முதல் வாரமே பார்க்கவேண்டியது: பெண்களுக்குத் தனி டியூட்டி ரூம் இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம், வழியில் விளக்கு எரிகிறதா. இல்லையென்றால் பி.ஜி.க்கள் எல்லோரும், ஆண்களும் சேர்ந்து, கையெழுத்துப் போட்டு மருத்துவக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் கொடுங்கள். ஒருவர் கேட்டால் புகார். இருபது பேர் கேட்டால் பராமரிப்புப் பணி.

பாலியல் தொந்தரவுக்கு 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்கவேண்டும். தலைவர் மூத்த பெண் அலுவலர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தரும். விசாரணைக்கு 90 நாள். குழு உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இருக்கவேண்டும். இன்றைக்கே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் என்றால் மகப்பேறு விடுப்பு உண்டு. விட்ட மாதங்களை ஈடுகட்டப் படிப்பு நீளும், தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகலாம். அதைப் பெரிய இழப்பாகப் பேசுவார்கள். முப்பது வருஷத் தொழிலில் ஆறு மாதம் எனக்கு இழப்பாகத் தெரியவில்லை. கவனிக்கவேண்டியது கதிர்வீச்சு. ஆர்த்தோ, கார்டியாலஜி, ரேடியாலஜி மாதிரி சி‑ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் அடியில் நிற்கும் துறை என்றால், மூன்று மாதம் ஆகட்டும், வெளியே சொல்லலாம் என்று காத்திருக்காமல் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.க்கு எழுத்தில் தெரிவியுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்குப்படி, கர்ப்பத்தை அறிவித்த நாளிலிருந்து குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் தான் வரம்பு. நீங்கள் அறிவித்தால்தான் அந்த வரம்பு அமலுக்கு வரும். உங்கள் பெயரில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் துறையில் இரண்டு பேட்ஜ்கள் நான்கு பேர் கழுத்தில் மாறி மாறித் தொங்கின.

உடற்குறையோடு வருபவர்களுக்கு

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954 இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அங்கே இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் அவரைத் தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சைக்குப் பழக்கினார். அந்தக் கை அறுவைகளை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதுதான் விஷயம். சக்கர நாற்காலியிலிருந்து அறுவை சிகிச்சை செய்தார், பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் நடத்தினார். 1972 இல் பத்மஸ்ரீ. எழுபது வருஷம் முன்னால் இதைச் செய்ய முடிந்த நாட்டில்தான், நாற்காலியில் வந்தவரைப் பார்த்து ‘இவர் எப்படி ரவுண்ட்ஸ் வருவார்’ என்று கேட்டுத் திருப்பியனுப்பினார்கள்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள் தந்தது: ஓம்கார் கோண்ட் வழக்கிலும் ஓம் ராத்தோட் வழக்கிலும். குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் பார்த்து யாரையும் மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கக்கூடாது, கருவிகளின் துணையோடு அவரால் என்ன செய்ய முடியும் என்பதை மருத்துவக் குழு மதிப்பிட்டு, முடியாது என்றால் காரணத்தை எழுதவேண்டும். எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழக்குகள்தான். ஆனால் பி.ஜி. சீட்டுக்கு மறுப்பு வந்தாலும் முதலில் காட்டவேண்டியது இவற்றைத்தான்.

சேர்ந்தபின், என்ன வேண்டும் என்று நீங்கள்தான் குறிப்பாகச் சொல்லவேண்டும். ‘உதவி வேண்டும்’ என்று எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ‘எனக்கு ஒலிபெருக்கும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொள்ள அனுமதி’, ‘யூனிட்டின் ஆண் வார்டு மூன்றாம் மாடி, லிஃப்ட் இரவில் நிற்கிறது, இரவு டியூட்டியைத் தரைத்தளக் காஷுவால்டிக்கு மாற்றித் தரவும்’, ‘எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம்’ என்று எழுதுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு நியாயமான வசதி என்று பெயர். தட்டிக்கழித்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகத்துக்கு மனு போடலாம்.

எல்லை மீறினால்

மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் பி.ஜி. படித்த பாயல் தட்வி 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். பழங்குடிச் சமூகத்துப் பெண். சாதியைச் சொல்லிக் கேவலப்படுத்தியதாக மூன்று சீனியர் டாக்டர்கள் மீது வழக்குப் பதிவானது. அதே வருஷம் அவருடைய தாயும், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் தாயும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கேட்டது புதிய சட்டம்கூட இல்லை, யு.ஜி.சி. 2012 இலேயே போட்ட சமத்துவ விதிகளை அமல்படுத்துங்கள் என்பதுதான். அதற்கும் முன்னால், 2007 இல், டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கவேண்டிய நிலை இருப்பதைப் பதிவுசெய்தது.

நடந்தால் செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். அன்றிரவே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, அங்கே இருந்தவர்கள் பெயர். கடைசியாகச் சொன்னது முக்கியம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது பிறர் பார்வையில் நடந்திருக்கவேண்டும். வார்டில் நின்ற ஸ்டாஃப் நர்ஸும் பக்கத்துப் படுக்கை அட்டெண்டரும் அதற்குச் சாட்சி. பிறகு ஹெச்.ஓ.டி.க்குக் கடிதம், டீனுக்கு நகல். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். அந்தச் சீல் இல்லாவிட்டால் ‘எங்களுக்கு எதுவும் வரவில்லை’ என்பார்கள். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு, எஸ்.சி./எஸ்.டி. பிரிவு, உள்ளகக் குழு ஆகியவற்றில் பொருத்தமானதற்கும் ஒரு நகல். நகராவிட்டால் வெளியே: ராகிங்குக்கு 1800‑180‑5522, சாதி வன்கொடுமைக்கு 14566, பெண்களுக்கு 181. மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலும் பேசலாம். நாம் டாக்டர்கள், நமக்கு எதற்கு என்று நினைக்கும் ஆட்கள்தான் அதிகம் தவிக்கிறோம்.

புகார் கொடுப்பவருக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சிலர் பேசமாட்டார்கள், தீசிஸ் கையெழுத்து தாமதமாகும். ஃபெயில் ஆக்கிவிடுவார்கள் என்ற பயம்தான் பெரிய பயம். பி.ஜி. பிராக்டிகலில் தேர்வாளர்கள் நான்கு பேர், அதில் இருவர் வெளியிலிருந்து வருபவர்கள். எழுத்துத் தேர்வைத் திருத்துவதும் உங்கள் துறை இல்லை. கையில் முறையாகக் கையெழுத்தான லாக் புக் இருந்தால் மூன்று வருஷம் இந்த ஆள் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தீசிஸ் கைடுதான் பிரச்சினை என்றால் பல்கலைக்கழக அனுமதியோடு மாற்றலாம். முதல் வருஷத்திலேயே கேட்டால் சிக்கல் குறைவு.

சீட்டை விட்டுவிடலாம் என்று தோன்றும் நாள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், பெரும்பாலும் முப்பத்தாறு மணி நேர டியூட்டி முடிந்த காலையில். அன்றைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். போய்த் தூங்குங்கள், எழுந்து சாப்பிடுங்கள், வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அப்புறம் கவுன்சலிங் தகவல் குறிப்பேட்டை எடுத்து, இடையில் விலகினால் எவ்வளவு அபராதம், எத்தனை வருஷம் தடை என்ற பக்கத்தைப் படியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். விடுப்பு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று ஆபீஸ் கிளார்க்கிடம் கேளுங்கள். இருபதில் பதினெட்டு அப்படியே கிடக்கும். அதில் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டு வந்து, அப்போதும் எழுதவேண்டும் என்றிருந்தால் எழுதுங்கள். அதையும் தபால் பிரிவில் கொடுத்து சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.